மைசூர்பாகுச் சுவர்

கும்பகோணம்
வெள்ளி ராத்திரி

மாப்ள,

ரெண்டு மாசமாகப் பதில் போடவில்லை; திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம்.

நீ செய்கிற ரயில் மாடலை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாயே, பார்த்தேன். தண்டவாளம் பிரமாதம், 12 மி.மீ.யில் மீட்டர் கேஜ் அச்சாக உட்கார்ந்திருக்கிறது. ஆனால் வாய்க்கால் பாலத்தை ரெண்டு முனையிலும் தாங்குகிற முட்டுச்சுவர் இருக்கிறதே, அது சுவர் இல்லையடா, துண்டு போட்ட மைசூர்பாகு.

ஸ்கேல் வைத்து அளந்து பார். உன் கல் ஒவ்வொன்றும் 10 மி.மீ. நம் கணக்கு 1:87, நிஜத்தில் 87 மி.மீ. என்றால் மாடலில் 1 மி.மீ. நிஜத்தில் அது 87 செ.மீ. கல்! ராஜராஜன் வைத்தால் சரி, ரயில்வே காண்ட்ராக்டர் வைப்பானா? ஒரு வரி, அதாவது ஒரு கல் வரிசை, 20 முதல் 30 செ.மீ. உயரம் என்றால் உனக்கு வேண்டியது 2.3 முதல் 3.4 மி.மீ. நீளம் 4 முதல் 6. செதுக்கும்போது ரொம்பப் பொடியாகத் தெரியும். தெரியட்டும்.

அப்புறம், கூட்ஸ் ஷெட்டுக்கும் எதற்குக் கல்? நீ செய்வது 1926இல் ஓடத் தொடங்கி 1986இல் நின்றுபோன மாயவரம் - தரங்கம்பாடி லைன். வண்டல் பூமியில் கல் ஏது, வெளியிலிருந்துதான் வர வேண்டும். முட்டுச்சுவர், அதன் பக்கத்தில் கரை மண்ணைத் தாங்குகிற விங் வால், அவ்வளவோடு நிறுத்து. மற்றதற்குச் செங்கல்லும் சுண்ணாம்புப் பூச்சும் போதும்.

கல் சுவருக்கு 5 மி.மீ. ஃபோம் போர்டு எடு; ரெண்டு பக்கமும் காகிதம் ஒட்டிய ஃபோம் பலகைதான் அது. அதில் ஒரு பக்கத்துக் காகிதத்தை ஈரம் காட்டி உரி. மறுபக்கத்தை முதலில் பிளைவுட்டில் ஃபெவிகால் வைத்து ஒட்டி, ராத்திரி முழுக்க மேலே கனம் ஏற்று. இதைச் செய்யாமல் பெயின்ட் அடித்ததால்தான் உன்னுடையது அப்பளமாக வளைந்திருக்கிறது. மூலையை 45 டிகிரியில் சீவி ஒட்டிவிட்டு, பிறகு கோடு போடு. முன்னாலேயே போட்டால் ரெண்டு முகத்திலும் வரி சேராது. மூலைக்கல் ஒரு வரியில் இந்தப் பக்கம் நீளம், அடுத்த வரியில் அந்தப் பக்கம் நீளம்.

கோட்டுக்கு மை தீர்ந்த பால் பாயின்ட் பேனா போதும். அரை மி.மீ. கோடே நிஜத்தில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே 4 செ.மீ. சந்து, அதற்கு மேல் அழுத்தாதே. படுக்கைக் கோடுகள் முதலில், வரிக்கு வரி உயரம் கொஞ்சம் மாற வேண்டும். நிற்கும் கோடு மேல் வரிச் சந்துக்கு நேரே வந்தால் எந்தக் கொத்தனாரும் சிரிப்பார். அலுமினியத் தாளைக் கசக்கி உருட்டி மேலே ஒற்று, கல்லுக்குச் சொரசொரப்பு வந்துவிடும். ஆறேழு கல்லுக்கு ஒன்றைத் தீக்குச்சி முனையால் லேசாக உள்ளே தள்ளு.

இடது ஓரத்துக் குழி ஸ்பிரே கேன் வேலைதானே? அதிலிருக்கும் தின்னர் ஃபோமைத் தின்றுவிடும். அக்ரிலிக் மட்டும் பூசு. கறுப்பும் வெள்ளையும் மட்டும் கலந்தால் நீலம் பாய்ந்த செத்த சாம்பல்தான் வரும். துளி மஞ்சள் காவியும் பழுப்பும் சேர். அஞ்சாறு கல்லுக்கு ஒன்று வேறு சாயலில் இருக்கட்டும். நன்றாகக் காய்ந்த பிறகு சுவர்ப் பட்டிப் பொடியை விரலால் சந்துகளில் தேய்த்து, மேலே இருப்பதைத் துடைத்துவிடு. கடைசியில் தண்ணீராகக் கரைத்த கறுப்பு-பழுப்பு, அதில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட். அது இல்லாவிட்டால் சந்துக்குள் இறங்காமல் கல்மேல் திட்டுத் திட்டாக நிற்கும்.

நீர் கசியும் ஓட்டைகளை மறந்துவிட்டாய். 1 மி.மீ. டிரில், 15 மி.மீ.க்கு ஒன்று, வரிசைக்கு வரிசை தள்ளித் தள்ளி. ஒவ்வொன்றின் கீழும் கறுத்த ஒழுகல். உன் வாய்க்காலில் இப்போது எந்த மாசம்? மேட்டூர் திறப்பது வழக்கமாக ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. சித்திரை என்றால் தரை வெடித்திருக்க வேண்டும், சுவரில் தண்ணீர் நின்ற கோடும் அதற்குக் கீழே காய்ந்த வண்டலின் வெளிறலும் தெரிய வேண்டும். ஐப்பசி என்றால் பாசி. நீ ரெண்டையும் கலந்து வைத்திருக்கிறாய்.

விளையாட்டாகச் சொல்லவில்லை, பிளேடை அடிக்கடி மாற்று. மழுங்கினது ஃபோமைப் பிய்க்கும். நீயும் அழுத்துவாய், வழுக்கும். உனக்குச் சர்க்கரை, விரலில் வெட்டு விழுந்தால் ஆற எத்தனை நாள் என்று உனக்கே தெரியும்.

முதலில் 10 செ.மீ. துண்டு ஒன்று செய்து படம் அனுப்பு. பக்கத்தில் ஸ்கேலை வைத்து எடு.

பங்காளி