அடகுக் காசு வருமானம் அல்ல

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் என்று வீட்டுக் கணக்கைக் கணனியில் எழுதுவது மாதச் சம்பளக்காரருக்குப் போதும். காலபோகத்தை நம்பிய வன்னிக் குடும்பத்துக்குப் போதாது. ஐப்பசியில் உழவு, விதைநெல், பசளை என்று காசு போகும். நெல் விற்ற காசு மாசி, பங்குனியில்தான் வரும். இடைப்பட்ட மாதங்களில் கைகொடுப்பவை நகை அடகும் சீட்டும் கடைக் கடனும். அடகுக் காசை வரவில் போட்டால் கார்த்திகையில் இலாபம் கொழிப்பதாகத் தெரியும். தையில் வட்டி கட்டும்போதுதான் முழிக்க வேண்டிவரும்.

ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் காசு போன கணக்கு, வந்த கணக்கு என இரண்டிலும் எழுதும் இரட்டைப் பதிவு முறையிலான குனூகேஷ் (GnuCash) போன்ற மென்பொருள் இதற்குப் பொருத்தம். இலவசம், இணையம் இல்லாமலும் ஓடும். கோப்பைத் திறக்கும்போதே நாணயம் இலங்கை ரூபாவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பதிவுகள் ஏறியபின் மாற்றுவது பெரும்பாடு. கைக்காசு, வங்கி, சீட்டு ஆகியவை சொத்துப் பக்கம். அடகு, நுண்கடன், பசளைக் கடை பாக்கி ஆகியவை பொறுப்புப் பக்கம், அதாவது நாம் திருப்பிக் கொடுக்க வேண்டியவை. வங்கியில் எடுத்த 5,000 ரூபா செலவு அல்ல, வங்கியிலிருந்து கைக்காசுக்கு மாறிய தொகை. அதைச் செலவென்று எழுதிவிட்டு, வாங்கிய சாமானையும் எழுதினால் ஒரே காசு இரண்டு தடவை கழியும். 'இம்பலன்ஸ்' என்றொரு கணக்கு தானாக முளைத்தால், ஏதோ ஒரு பதிவுக்கு மறுபக்கம் கொடுபடவில்லை என்று பொருள். அன்றைக்கே தேடித் திருத்த வேண்டும்.

20 பேர் மாதம் 5,000 ரூபா போடும் குலுக்கல் சீட்டை ஐந்தாம் மாதம் எடுத்தால், கைக்கு வரும் 100,000 ரூபாவில் நீங்கள் போட்டது 25,000. மிச்சம் 75,000 கடன். சீட்டுக் கணக்கு அந்தத் தொகைக்குப் பூச்சியத்துக்குக் கீழே (மைனஸில்) நிற்பதுதான் சரி, பயப்படத் தேவையில்லை.

கடன் தவணையை ஒரே தொகையாக எழுதக் கூடாது. முதல் வேறு, வட்டி வேறு. 100,000 ரூபாவை ஆண்டுக்கு 24 வீதத்தில் 12 மாதத்துக்கு எடுத்தால், குறையும் நிலுவைக்கு வட்டி போடுமிடத்தில் தவணை ஏறத்தாழ 9,456 ரூபா. முதல் மாதம் அதில் வட்டி 2,000. இரண்டாம் மாதம் 1,851. எடுத்த முழுத் தொகைக்கும் கடைசிவரை வட்டி போடுமிடத்தில் தவணை 10,333. சொல்வது அதே 24 வீதம்தான், ஆனால் ஆண்டு முடிவில் 10,500 ரூபாவுக்கு மேல் கூடக் கட்டியிருப்பீர்கள். பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கடன் கொடுக்க வருகிறவர்களிடம் கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. வீதத்தை மட்டும் கேட்டால் ஏமாறுவோம்.

பிரதேச சபை நூலகங்களும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் இதைப் பழக்க முன்வர வேண்டும். கற்பனைக் கணக்கு வேண்டாம். வருகிறவர்கள் தங்கள் அடகுச் சீட்டையும் வங்கிப் புத்தகத்தையும் கொண்டுவரட்டும். புரட்டாதி முடியுமுன் வகுப்பை வைத்தால், விதைப்புக்குக் கடன் எடுக்குமுன் நிலுவை எவ்வளவென்று ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருக்கும்.

இப்படிக்கு,
வாசகர்,
கிளிநொச்சி.