உமையாளுக்கு, அப்பத்தா கை பற்றி

அன்புள்ள உமையாள் ஆத்தாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் அந்த சோமாலியா நாட்டு அம்மாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்து பாதியில் நிறுத்திவிட்டாய். பக்கவாதம் வந்த கை, பயிற்சிக்கென்று வைத்திருக்கிற சமையலறைக்குக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறார், எனக்கு இந்த ஆக்குபேஷனல் தெரபி, நோயாளியை அன்றாட வேலைகளுக்குப் பழக்குகிற இந்த வேலை, வராதோ அப்பச்சி என்றாய். எனக்கு உடனே பதில் வரவில்லை. ராத்திரி முழுக்க அப்பத்தா ஞாபகம்தான்.

அப்பத்தாவுக்கு வலது பக்கம் விழுந்தபோது நீ ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாய். முதலில் வந்த தெரபிஸ்ட் கையில் ஒரு தாள். பார்தெல் இண்டெக்ஸ், நோயாளி அன்றாட வேலைகளைத் தானே எவ்வளவு செய்கிறார் என்று அளக்கிற தாள், 1965-ல் அமெரிக்காவில் வந்தது, 10 கேள்வி, மொத்தம் 100 மதிப்பெண் என்று பிற்பாடு நீதான் சொன்னாய். அதில் சாப்பாட்டுக்கு, வெட்டித் தரவோ வெண்ணெய் தடவவோ உதவி வேண்டுமா என்று கேட்டிருக்கும். அப்பத்தாவுக்கோ சோற்றைப் பிசைந்து வாயில் வைக்க முடியவில்லையே என்பதுதான் துக்கம். இடது கையில் ஸ்பூனைக் கொடுத்தால், "பீச்சாங்கையால சாப்பிடச் சொல்றியா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தாளில் ஸ்பூனுக்கு மதிப்பெண் உண்டு, அப்பத்தாவுக்கு அது பட்டினி. அப்புறம் அந்த வாக்கர்! வளவிலிருந்து பின்கட்டுக்குப் போக மூன்று நிலைப்படி ஏறி இறங்கணும், ஈரம் பட்டால் ஆத்தங்குடிக் கல் வழுக்கும், அதை யாரும் வந்து பார்க்கவே இல்லை.

பயிற்சிக்கு வந்த அந்தச் சின்னப் பெண்தான் முதலில் பையைத் திறக்காமல் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். அப்பத்தா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "என்ன செய்ய முடியலையேன்னு இருக்கு ஆச்சி?" என்று கேட்டாள். அப்பத்தா யோசிக்கவே இல்லை, "நடுவீட்டுக் கோலம்" என்றார்கள். பொங்கலுக்கு இரண்டு மாதம் இருந்தது. அந்தக் கோலத்துக்கு அரைத்த அரிசி மாவில் துணியை நனைத்து, உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலால் அமுக்கினால் மோதிர விரல் வழியாக மாவு இறங்கணும், அமுக்குவதும் விடுவதும் ஒரே சீராக இருக்கணும். இறுகிப்போன கைக்கு அதைவிட என்ன பயிற்சி வேண்டும்? முதல் வாரம் வெறும் தண்ணீரில் துணியைப் பிழிந்தார்கள். கைப்பயிற்சிக்குக் கூம்பு அடுக்கச் சொன்னால் ஐந்து நிமிடம் உட்காராதவர்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்தார்கள். பொங்கலன்று போட்ட கோடு ஒரு இடத்தில் தடித்தும் ஒரு இடத்தில் அறுந்தும்தான் இருந்தது, உங்க ஆத்தா பக்கத்தில் இருந்து சேர்த்துவிட்டாள். கை முழுசாக வரவில்லை, கடைசி வரைக்கும் வரவில்லை. ஆனால் அன்றைக்கு அப்பத்தா யாரையும் ஊட்டிவிட விடவில்லை, நாலு வாய் தானே பிசைந்து சாப்பிட்டார்கள்.

உங்கள் கனடாவிலேயே 1991-ல் ஒரு மதிப்பீட்டு முறை வந்தது, நோயாளியே எது தனக்கு முக்கியம், எவ்வளவு செய்ய முடிகிறது, அதில் எவ்வளவு திருப்தி என்று 1 முதல் 10 வரை போடுவார் என்றாயே, அதை நீ சொன்னபோது அந்தப் பெண்தான் என் கண் முன்னால் வந்தாள்.

அதனால் அந்த சோமாலியா அம்மாவும் அப்பத்தா மாதிரிதான் என்று நீயாக நினைத்துக்கொண்டு போகாதே, அதுவும் தப்பு. அந்த அம்மா கையால் சாப்பிடுகிறவரா, எந்தக் கையால், அவர் வீட்டு அடுப்பு எப்படி, அங்கே யார் சமைக்கிறார்கள், எதுவும் உனக்குத் தெரியாது. ஒருவேளை பயிற்சிச் சமையலறையில் ஆண்கள் போய் வருவது அவருக்குப் பிடிக்காமல் இருக்கும். மொழிபெயர்ப்பாளரை இன்னொரு தடவை கூப்பிடு, இந்த முறை அவசரமில்லாத நேரத்தில்.

இன்னொன்று, உன் ஆராய்ச்சிக்கு ஆள் சேர்க்கும்போது ஆங்கிலம் தெரியாதவர்களை விட்டுவிடுவது வழக்கம் என்றாய். அதில் எனக்கு மனசே ஆறவில்லை. அப்படிச் சேர்த்தால் அப்பத்தா எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள் ஆத்தா. மொழிபெயர்ப்புக்குப் பணம் வேண்டும் என்று உன் ஆசிரியரிடம் முதலிலேயே கேட்டு எழுதி வாங்கு.

பட்டம் வாங்க 1000 மணி நேரம் நோயாளிகளோடு இருக்கணும் என்று ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளின் உலகக் கூட்டமைப்பே வைத்திருக்கிறது, நீ இன்னும் பாதி கூட முடிக்கவில்லை. இப்போதே வராது என்று சொன்னால் எப்படி?

மாவடு பார்சலில் வருகிறது. அந்த அம்மா என்ன சொன்னார்கள் என்று எழுது.

அப்பச்சி
காரைக்குடி