எடை போடும் நாளில் அந்த போனைக் கொஞ்சம் தள்ளி வைக்க விடுங்கள்

அங்கன்வாடி மையங்களின் வேலையைத் திட்டமிடும், கண்காணிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். போனே கூடாது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. எடை போடும் நாளிலும் சத்துமாவு கொடுக்கும் நாளிலும் டீச்சருக்கும் அம்மாவுக்கும் நடுவில் பதிவு போடும் போன் வந்து உட்கார்ந்துகொண்டது, அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவது குறைந்துவிட்டது. என் கவலையெல்லாம் அதுதான்.

தராசில் என்ன காட்டுகிறது என்பது எடை போடும் வேலையில் சின்னப் பகுதி. வளர்ச்சி அட்டையில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று மூன்று பட்டைகள் இருக்கும். இந்த மாதப் புள்ளியை வைத்து, போன மாதப் புள்ளியோடு சேர்த்துக் கோடு இழுத்து, அட்டையை அம்மா பக்கம் திருப்பிக் காட்டுவோம். கோடு ஏறாமல் படுத்திருந்தால், "ஏம்மா, போன மாசமும் இதே எடைதானே?" என்று கேட்போம். "நல்லாத்தான் சாப்பிடுறான் டீச்சர்" என்றுதான் முதலில் பதில் வரும். அதோடு விட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டால் ஒன்றும் தெரியாமல் போகும். கொஞ்ச நேரம் சும்மா இருந்து அவள் முகத்தைப் பார்த்தால் மீதி வெளியே வரும். விடியுமுன்னே பூப்பறிக்கப் போகிறாள். பிள்ளை மாமியாரிடம் இருக்கிறது. பத்து மணி வரைக்கும் அதற்கு டீயில் நனைத்த பிஸ்கட்தான். மாமியாரைக் குறை சொன்னதாகிவிடுமே என்று இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. இது தெரிந்துவிட்டால் வழியும் தெரிந்துவிடும். ராத்திரியே சத்துமாவு உருண்டை பிடித்து வைத்துவிடு என்று அவளிடம் சொல்லலாம். சாயங்காலம் அந்தப் பக்கம் போகும்போது, அவளைக் காட்டிக்கொடுக்காமல் மாமியாரிடமும் ஒரு வார்த்தை போட்டு வைக்கலாம்.

இது எங்கள் துறைக்குப் புதிதும் இல்லை. 1980-இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் இந்தப் பேச்சை நம்பித்தான் நடந்தது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மாதா மாதம் எடை போட்டார்கள். எடை ஏறாத பிள்ளைக்குக் கூடுதல் உணவு கொடுத்து, தேறியதும் நிறுத்தினார்கள். ஏன் ஏறவில்லை என்று அம்மாவோடு உட்கார்ந்து பேசுவதும் அந்த வேலையிலேயே சேர்ந்திருந்தது.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். 2021 மார்ச்சில், அங்கன்வாடிப் பதிவுகளைப் போனில் ஏற்றும் செயலியான போஷன் டிராக்கர் வந்தது. 2025 ஜூலை 1 முதல், வீட்டுக்கு வாங்கிப் போகும் சத்துணவுக்கு முக அடையாளம் கட்டாயமானது. பேத்தியைத் தூக்கிக்கொண்டு ஒரு மையத்துக்குப் போயிருந்தேன். டீச்சர் போனைத் தூக்கிப் பிடித்து, "நேரா பாரும்மா, கண்ணைச் சிமிட்டு, இன்னொரு தடவை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சிக்னல் கிடைக்காமல் வாசலுக்குப் போய்விட்டு வந்தார். இன்னொரு பெண்ணுக்கு ஓடிபி போனது திருப்பூரில் வேலை பார்க்கும் கணவனின் போனுக்கு. அவர் ஷிப்டில் இருந்தார், எடுக்கவில்லை. கைப்பிள்ளையோடு அவள் காத்துக்கொண்டே இருந்தாள். நான் இருந்த அவ்வளவு நேரத்தில் "பிள்ளை எப்படி இருக்கிறான்?" என்று யாரும் கேட்கவில்லை. அந்த டீச்சரை நான் குறை சொல்லமாட்டேன், அந்த இடத்தில் நான் இருந்தாலும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மாவின் முகம் திரையில் பதிவாகிவிட்டது, ஆனால் அந்த முகம் வாடியிருக்கிறதா என்று பார்க்க அங்கே ஒருவருக்கும் நேரமில்லை.

இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். முன்பின் தெரியாதவர்களை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்துப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். சிலருக்குப் பக்கத்தில் ஒரு போன், சிலருக்கு ஒரு நோட்டு. போனை யாரும் தொடவே இல்லை. அப்படியும், போன் இருந்த இடத்தில் பேசியவர்களுக்கு எதிரில் இருந்தவர் மேல் நெருக்கமும் நம்பிக்கையும் குறைவாக வந்தது. மனதுக்கு முக்கியமான விஷயத்தைப் பேசும்போதுதான் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. தொடாத போனுக்கே இப்படி என்றால், டீச்சர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும் போனைப் பற்றி யோசித்துப் பாருங்கள். வீட்டில் அரிசி இல்லை, அவர் குடித்துவிட்டு வருகிறார், பால் சுரக்கவில்லை என்பதையெல்லாம் குனிந்திருக்கும் தலையிடம் எந்தப் பெண் சொல்வாள்?

பதிவேடுகள் காலத்தில் மட்டும் என்ன சுகம் என்று நீங்கள் கேட்கலாம். சரிதான், பதினொரு பதிவேடுகள் எழுதிக் கை ஓய்ந்தவர்கள்தான் நாங்களும். ஆனால் பதிவேடு எங்களுக்காகக் காத்திருந்தது. மதியம் பிள்ளைகள் தூங்கின பிறகு, ஆயா பாத்திரம் கழுவும் நேரத்தில் எழுதிக்கொண்டோம். ஓடிபி அப்படிக் காத்திருக்காது.

போலிப் பயனாளிகளைத் தடுக்கத்தான் இது என்கிறீர்கள். எந்த வீட்டில் யார் மாசமாக இருக்கிறாள், யாருக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்பது டீச்சருக்கும் ஆயாவுக்கும் மனப்பாடம். அவர்களை நம்புங்கள். முகம் சேராவிட்டாலும், ஓடிபி வராவிட்டாலும் அன்றைக்குச் சத்துமாவு கிடைக்க வேண்டும். பதிவைச் சாயங்காலம் ஏற்றிக்கொள்ள அனுமதி கொடுங்கள், நெட்வொர்க் இல்லாத ஊருக்கு மறுநாள் வரை அவகாசம் கொடுங்கள். வளர்ச்சி அட்டையைக் காகிதமாகவே அம்மா கையில் இருக்க விடுங்கள். தன் பிள்ளையின் கோட்டைப் பார்க்க அவளுக்கு டீச்சரின் போன் எதற்கு?

அப்புறம், ஆய்வுக் கூட்டம். "எத்தனை பர்சன்ட் முடிஞ்சிருக்கு?" என்று சூப்பர்வைசரைக் கேட்டால், அவரும் அதையேதான் டீச்சரிடம் கேட்பார். டீச்சரும் அதை முடிக்கத்தான் பார்ப்பார். இந்த மாதக் கூட்டத்தில் அதற்கு முன்னால் வேறொரு கேள்வி கேளுங்கள்: எடை ஏறாத பிள்ளைகளின் அம்மாக்கள் என்ன சொன்னார்கள்?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்