ப்ரீ-டென்டல் என்பது பட்டயப் படிப்பு அன்று

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டுக் கல்வி குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த கட்டுரை, பல்கலைக்கழகப் படிப்பின் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களை நடத்தும் அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில் உள்ள 'ப்ரீ-டென்டல்' படிப்பை இரண்டாண்டுப் பல் மருத்துவப் பட்டயம் என்று குறிப்பிட்டிருந்தது. என் மகள் கலிஃபோர்னியாவில் அந்த வழியில் படித்தவள் என்பதால் இதைத் திருத்த வேண்டியவளாகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, நீட் எழுதி, நேரே பி.டி.எஸ். சேரும் நம் முறை இங்கே அமெரிக்காவில் இல்லை. பெரும்பாலோர் நான்காண்டு இளநிலைப் பட்டம் பெற்ற பிறகே பல் மருத்துவப் பள்ளியில் சேர்ந்து மேலும் நான்காண்டுகள் படிக்கிறார்கள். அப்பள்ளிகள் முன்கூட்டியே கேட்கும் உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகியவற்றை ஆய்வகப் பயிற்சியோடு முடிப்பதற்குத்தான் 'ப்ரீ-டென்டல்' என்று பெயர். அதற்கெனத் தனிச் சான்றிதழ் எதுவும் கிடையாது. சில சமுதாயக் கல்லூரிகள் பல் சுகாதாரப் பணிக்கான படிப்பை நடத்துகின்றன. அதை முடித்து உரிமம் பெற்றவர் பற்களைச் சுத்தம் செய்யலாமே தவிர, பல் மருத்துவர் ஆகிவிட முடியாது. கட்டுரையாளர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார் என நினைக்கிறேன்.

முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களைச் சமுதாயக் கல்லூரியில் முடித்துப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்கு மாறுவதில் உள்ள ஆதாயம் முதலில் பணம்தான். கலிஃபோர்னியாவில் வசிப்போருக்கு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) 46 டாலர் என்பதால், ஐந்து யூனிட் கொண்ட வேதியியல் பாடம் 230 டாலரில் முடிந்துவிடுகிறது. இந்தியாவிலிருந்து மாணவர் விசாவில் வருவோருக்கு இந்தச் சலுகை இல்லை. அவர்கள் பல மடங்கு கட்ட வேண்டும். கட்டுரை இதையும் சொல்லவில்லை.

உறவினர் ஒருவர், "நம்ம ஊர் டுடோரியல் மாதிரிதானே?" என்று கேட்டார். அப்படியன்று, கரிம வேதியியலைக்கூட அங்கே ஆசிரியரே நின்று நடத்தினார். இடர் வேறிடத்தில் இருக்கிறது. கல்லூரி ஆலோசகர் சொன்னதை நம்பி, செவிலியர் படிப்புக்கு உரிய வேதியியலை என் மகள் முதல் பருவத்தில் எடுத்தாள். அது பொது வேதியியலாகக் கணக்கில் சேராது என்று பிறகுதான் தெரிந்தது. பொது வேதியியலை முடிக்காமல் கரிம வேதியியலில் சேர முடியாது என்பதால், ஒரு பாடம் தவறியதில் அடுத்தடுத்த பாடங்களும் தள்ளிப்போய் ஓராண்டு நழுவியது. எந்தக் கல்லூரியின் எந்தப் பாடத்தைக் கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகங்கள் ஏற்கும் என்பதை 'அசிஸ்ட்' இணையதளத்தில் முன்பே பார்த்திருக்கலாம். பல் மருத்துவப் பள்ளிகளின் விதிகளோ தனி. சமுதாயக் கல்லூரிப் பாடங்களுக்கு வரம்பு வைத்திருக்கும் பள்ளிகளும் உண்டு. பல பள்ளிகள் கேட்கும் உயிர்வேதியியலைப் பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற பிறகே படிக்க முடிகிறது.

இன்னொன்று: பல் மருத்துவப் பள்ளிகளுக்கான பொது விண்ணப்பத்தில், படித்த எல்லாக் கல்லூரிகளின் மதிப்பெண்களையும் காட்டியாக வேண்டும். தோற்ற பாடத்தை மறுபடி படித்துத் தேறினாலும் பழைய மதிப்பெண் சராசரியிலிருந்து நீங்காது. ஆகவே, "சமுதாயக் கல்லூரிதானே, பார்த்துக்கொள்ளலாம்" என்ற மெத்தனம் இங்கே செல்லாது.

தமிழ்நாட்டில் சமுதாயக் கல்லூரி என்றாலே தொழிற்பயிற்சிச் சான்றிதழ்தான் நினைவுக்கு வரும். குழப்பத்துக்கு அந்தப் பெயரும் ஒரு காரணமாக இருக்கலாம். பிள்ளைகளை இங்கே அனுப்ப எண்ணும் பெற்றோர் அந்தக் கட்டுரையை நம்பிப் பணம் கட்டிவிடும் முன், ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா.