இங்கிலாந்தின் கெண்டலிலிருந்து அண்ணனுக்கு

உ
சிவமயம்

அன்புள்ள அண்ணனுக்குத் தம்பி எழுதிக்கொள்வது. இங்கு நலம். ஆத்தா, அண்ணமிண்டி, பிள்ளைகள் எல்லாரும் நலந்தானே.

கார்த்திகையில் நீங்கள் போட்ட கடிதம் வந்தது. போனில் பேசினால் ஆத்தா பக்கத்திலேயே இருப்பதால் வீட்டு விஷயத்தை முழுசாகப் பேச முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் அப்படித்தான், அதனால் நானும் கடிதமாகவே எழுதுகிறேன். நடுவில் புகையிலைப் பேச்சு வரும், ஆத்தாவுக்கு வாசித்துக் காட்டும்போது அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள்.

குளிர் நன்றாகப் பிடித்துவிட்டது. சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. இந்த ஊரே சாம்பல் நிறச் சுண்ணாம்புக் கல்லில் கட்டியது, மழை பெய்தால் வானமும் சுவரும் ஒரே நிறம். ஹீட்டரை ராத்திரி கொஞ்ச நேரம் மட்டும்தான் போடுகிறேன், சதா போட்டால் தோல் வறண்டு போகிறது. அண்ணமிண்டி கொடுத்துவிட்ட கவுனி அரிசியைப் பொங்கலுக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். மற்றபடி ரொட்டியும் டப்பா பீன்ஸும் வாய்க்குப் பழகிவிட்டது, சமைக்கிற வேலையும் மிச்சம்.

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றிப் போன தடவை சொன்னேன் அல்லவா, ஜனவரி குளிரிலும் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குகிறவர். என் வாசலில் அவர் தோட்டத்து வெங்காயத்தை வைத்துவிட்டுக் கதவைக்கூடத் தட்டாமல் போய்விடுவார். அவர் இங்குள்ள புகையிலை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்த ஊரில் மூக்குப்பொடியும் பைப் புகையிலையும் செய்வது 1792லிருந்து நடக்கிற தொழில். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் கொட்டகையில் போய் உட்காருவேன். எனக்கும் ஒரு பைப் கொடுத்துப் பழக்கினார். இலையைக் கட்டியாக அழுத்தி, பட்டை பட்டையாகச் சீவி டின்னில் அடைக்கிறார்கள். அதை உள்ளங்கையில் உதிர்த்து, கொஞ்சம் ஈரம் போக ஆறவிட்டுத்தான் பைப்பில் நிரப்ப வேண்டும். ஈரத்தோடு பற்றவைத்தால் சூடு ஏறி நாக்கைக் கடிக்கும். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டோம்.

இப்போது அவரை மகள் ஸ்காட்லாந்துக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள், டாக்டரும் புகைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். போகும்போது ஒரு மரப்பெட்டி நிறையப் புகையிலை டின்களை என்னிடம் கொடுத்து, "குடி, இல்லாவிட்டால் வில், குப்பையில் மட்டும் போடாதே" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

உள்ளதைச் சொல்கிறேன் அண்ணே, எனக்கு அதில் பாதி பிடிக்கவில்லை. சில டின்னில் இந்தப் பக்கத்து வழக்கப்படி பூ வாசனை ஏற்றியிருக்கிறார்கள், சோப்பு மணம் அடிக்கிறது. ஒரு தடவை நிரப்பினால் அந்த வாசனை பைப்பிலேயே ஊறிவிடும், அப்புறம் எதைப் போட்டாலும் அதுதான் வருகிறது. பழைய, மூடி திறக்காத டின்னுக்கு நல்ல விலை கொடுக்கிறவர்கள் உண்டு. யாரும் கேட்காமல் இதை நான் எதற்கு எழுதுகிறேன் என்று நினைப்பீர்கள், சும்மாதான் விசாரித்தேன். ஆனால் இங்கே புகையிலை விற்கப் பதிவு எண் வேண்டும், தனியாள் விற்பதெல்லாம் வம்பு.

ஆகவே இப்படி முடிவு செய்தேன். வாசனை டின்கள் அவரோடு ஆலையில் வேலை பார்த்த இன்னொருவருக்கு. அவருக்கு அது உயிர், நான் வைத்திருந்தால் நாளாக நாளாக வாசனைதான் போகும். வெறும் வர்ஜீனியா இலை அப்படியில்லை, டின் மூடியிருக்கிற வரைக்கும் உள்ளே மெல்ல மெல்லப் பக்குவப்பட்டு நிறம் கறுத்து வருஷக்கணக்கில் மேலும் மேலும் நன்றாகும் என்கிறார்கள். அது இருக்கட்டும், அவசரமில்லை.

லடாக்கியா என்கிற புகையிலைதான் என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டது. சிரியாவில் உள்ள துறைமுகத்தின் பெயர் அது, இப்போது பெரும்பாலும் சைப்ரஸிலிருந்து வருகிறது. இலையை விறகுப் புகையில் போட்டுப் பதப்படுத்துவார்கள். இழுத்துப் பார்த்தேன், தொண்டைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இனி தொடமாட்டேன். ஆனால் டின்னைத் திறந்தபோது வந்த மணம், நோன்புக்குக் கந்தரப்பம் சுட்ட மறுநாள் நம் மூன்றாங்கட்டில் நிற்குமே, அதே மணம் அண்ணே. அன்றைக்குத்தான் பிள்ளையார் நோன்பு. மான்செஸ்டர் பக்கம் நம்மவர்கள் சேர்ந்து, மாவில் நூல் திரி வைத்து ஏற்றி இழை எடுத்தார்கள், என்னையும் கூப்பிட்டார்கள். வேலை இருந்தது, ரயில் டிக்கெட்டும் கடைசி நேரத்தில் தாறுமாறான விலை, போகவில்லை. ஆத்தா கையால் இழை வாங்கி, சுடரோடு வாயில் போட்டுக்கொண்டு எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போமே. ஆத்தா எனக்கும் சேர்த்து இழை பிடித்தார்களா? எழுதுங்கள்.

லடாக்கியாவில் மூடி திறக்காத இரண்டு டின்னைச் சின்ன ஐயாவுக்குக் கொண்டுவருகிறேன். ஒவ்வொன்றும் 50 கிராம், நம் ஊர் சுங்கத்தில் 125 கிராம் வரை வரியில்லை. பாட்டையாவின் ரங்கூன் பைப்பை இன்னும் அவர்தானே வைத்திருக்கிறார்.

சரி, சாமான் அறை விஷயம். இரண்டாங்கட்டு ஓடு மாற்றப் புள்ளிக்குப் புள்ளி, அதாவது குடும்பத்துக்குக் குடும்பம், பணம் போட வேண்டும், போட முடியாதவர்களுக்காகச் சாமானை விற்றுவிடலாம் என்று பங்காளிகள் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். ஸ்வீடன் எனாமல் வாளியும் தூக்கும் ஒரே மாதிரி அடுக்கடுக்காகக் கிடக்கின்றன, கல்யாணத்துக்குக்கூட யாரும் இறக்குவதில்லை, அதில் பாதியைக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் பாட்டையா 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது பர்மாவிலிருந்து தூக்கிவந்த அரக்குப் பெட்டியும், அந்தப் பேரேடுகளும் போகக் கூடாது. விலைப்பட்டியலில் அவற்றைச் சேர்க்கவே வேண்டாம். தேக்குத் தூணில் கை வைக்கிற பேச்சு யார் எடுத்தாலும் என் கையெழுத்துக் கிடைக்காது என்று சொல்லிவிடுங்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழஞ்சாமான் கடைக்காரர்களை ஒருவருக்கு மூன்று பேராக வரச்சொல்லிப் பாருங்கள். மொத்தமாக இவ்வளவு என்று பேச விடாமல் உருப்படிக்கு உருப்படி விலை கேளுங்கள். அதற்கு முன்னால் தேவகோட்டையில் கட்டிக்கொடுத்த நம் ஆச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், ஆத்தா அவர்களுக்கு வைத்த சீர்ச் சாமானும் அங்கேதான் கலந்து கிடக்கிறது, பின்னால் மனத்தாங்கல் வரக் கூடாது. ஓட்டுச் செலவில் என் பங்கை மாசியில் அனுப்புகிறேன், பவுண்டு விலை கொஞ்சம் ஏறட்டும் என்று பார்க்கிறேன். அதற்குள் ஆசாரி முன்பணம் கேட்டால் எவ்வளவு என்று உடனே எழுதுங்கள்.

அன்புத் தம்பி