குத்தகை எந்தத் துறை? உயர்கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு உயர்கல்வித் துறைக்கும் பல்கலைக்கழகத் துணைவேந்தர்களுக்கும் வணக்கம்.

தலைஞாயிறு பக்கம், காவிரியின் கடைமடையில், முனைவர் பட்ட ஆய்வுக்காக நான் மண் மாதிரி எடுக்கிற வயல் ஒன்று உண்டு. கோடையில் போனால் தரையெல்லாம் வெள்ளைப் பொருக்குப் பூத்திருக்கும். கடல்நீர் உள்ளே ஏறுவதை அளக்க நான் ஈ.சி. மீட்டரை (நீரின் மின்கடத்துத்திறனை வைத்து உப்பைக் காட்டும் கருவி) எடுப்பதற்குள், அங்கே பயிர் செய்யும் பெரியவர் பம்புத் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி நாக்கில் வைத்துப் பார்த்து, போன ஆண்டைவிட உப்பு ஏறிவிட்டது என்றார். மீட்டரும் அதையேதான் சொன்னது.

சோடியம் மிகுந்த களர் மண்ணுக்கு ஜிப்சம் இட வேண்டும். கரையும் உப்பு மிகுந்த உவர் மண் என்றால் நல்ல நீரைத் தேக்கி, வடித்து, உப்பைக் கழுவ வேண்டும். இவை பெரியவருக்கும் தெரியும். ஆனால் நிலம் அவருடையதில்லை, வாய்மொழிக் குத்தகை. அடுத்த சம்பாவுக்கு அந்த வயல் கையில் இருக்குமா என்று தெரியாதவர் ஜிப்சம் மூட்டைக்கு எதற்குக் கடன் வாங்குவார்? வடிகால் வெட்டலாம் என்றால் கீழ்வயல்காரர் சம்மதிக்க வேண்டும். உப்பு மண்ணில் இருக்கிறது. அது அங்கேயே தங்குவதற்கான காரணத்தில் பாதி மண்ணுக்கு வெளியே இருக்கிறது.

இதை ஓர் அத்தியாயமாக எழுதி ஆய்வுக் குழு முன் வைத்தேன். இது எந்தத் துறை என்று கேட்டார்கள். குத்தகையைச் சமூகவியல்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள், நீங்கள் அயனிகளோடு நின்றுகொள்ளுங்கள் என்று அறிவுரை வந்தது. கோபம் வந்தது, தேநீரைக் குடித்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

விதியில் தடை ஏதுமில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 முனைவர் பட்ட விதிமுறைகள் வேறு துறையிலிருந்தும் வேறு நிறுவனத்திலிருந்தும்கூட இணை நெறியாளரை அனுமதிக்கின்றன. ஆனால் மாணவர் யார் கணக்கில் ஏறுவார் என்ற கேள்வியிலேயே கோப்பு நின்றுவிடுகிறது. இரு நெறியாளருக்கும் கணக்கில் இடம் உண்டு என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் பாதிச் சிக்கல் தீரும்.

மீதி, பணம். ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தவர்களுக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். அது கடைமடைக்கு வரும் தண்ணீர்போலத்தான் வந்து சேர்கிறது. கிடைக்காதவர்கள் மாலையில் டியூஷன் எடுத்துவிட்டு விடியற்காலை பஸ்ஸில் வயலுக்குப் போகிறார்கள். மண் மாதிரிக்கு ஆய்வகக் கட்டணம் ஒதுக்குகிறீர்கள். குத்தகை விவசாயியின் திண்ணையில் பத்து நாள் உட்கார்ந்து பேசுவதற்கான பஸ் கட்டணத்தையும் தங்கும் செலவையும் களச்செலவாக ஏற்க மறுக்கிறீர்கள். எனக்கு அதுதான் விலையுயர்ந்த தரவு.

இன்னொன்றும் கேட்கிறேன். மாநிலக் காலநிலை மாற்ற இயக்கத்தின் கீழ் மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் ஓர் இயக்கம் இருக்கிறது. டெல்டா மாவட்டங்களில் உப்பைப் பற்றி ஆராயும் மாணவர்களை ஆறு மாதமாவது அங்கே அமர்த்துங்கள். நில ஆவணம் ஒரு மேசையிலும் நிலத்தடி நீர் அளவு இன்னொரு மேசையிலும் கிடப்பதை அவர்களால் சேர்த்துப் படிக்க முடியும்.

அடுத்த மாதம் நான் சினாப்சிஸ், அதாவது ஆய்வேட்டின் சுருக்கம், தர வேண்டும். குத்தகை அத்தியாயத்தை நீக்கவில்லை. அதைத் திருத்த எந்தத் துறையிலிருந்து தேர்வாளரை அழைப்பீர்கள் என்பதை மட்டும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
நான்காம் ஆண்டு ஆய்வு மாணவி ஒருத்தி