சான் மரினோ: சொல்லப்படாத பாதி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஐரோப்பாவின் குறுநாடுகளைப் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரை, சான் மரினோவைச் சுற்றுலாவால் செழித்த குடியரசாக மட்டுமே காட்டியது எனக்கு வருத்தமளித்தது. நாற்புறமும் இத்தாலியால் சூழப்பட்ட அந்த 61 சதுர கிலோமீட்டர் மலைநாட்டில் இன்று ஏறத்தாழ 34,000 பேர் வாழ்கின்றனர். அங்கு வசிக்கும் வெளிநாட்டவரில் மிகப் பெரும்பாலோர் இத்தாலியர்.

ஆனால், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, நிலமும் வேலையும் போதாமல் வெளியேறியவர்களின் நாடாகவே அது இருந்தது. முதலில் பருவகாலக் கூலிகளாக இத்தாலியச் சமவெளிகளுக்குச் சென்றவர்கள், பின்னர் பிரான்சிலும், கடல் கடந்து அர்ஜென்டினா, அமெரிக்கா ஆகிய நாடுகளிலும் குடியேறினர். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர வட்டாரத்தில் அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் தங்களுக்கெனச் சங்கம் வைத்திருக்கின்றனர். பிற்காலத்தில் தொழிலும் வணிகமும் வளர்ந்தபோது, ஆட்களை அனுப்பிய நாடே ஆட்களை வரவேற்கும் நாடானது.

வெளிநாடுகளில் வாழும் அதன் குடிமக்கள் பத்தாயிரத்துக்கும் அதிகம். வாக்குரிமை அவர்களுக்கு உண்டு. ஆயினும் வாக்களிக்கத் தாயகத்துக்கு நேரில் வந்தாக வேண்டும். வாக்காளர் பட்டியலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இத்தகையோர் என்பதைக் கட்டுரை ஒரு வரியிலேனும் குறிப்பிட்டிருக்க வேண்டும். புலம்பெயர்ந்தோருக்கென ஓர் அருங்காட்சியகத்தையே அந்தக் குடியரசு நடத்திவருகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி